பர்ன் ஆச்சு... ஆனா ஓடலை! – வாசகர் கேள்வி பதில்

வீட்டு வீடியோக்களை டிவிடியில் பதிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பல கடிதங்கள், டிஸ்க்கில் எழுதும் கருவியான ரைட்டரைத் திட்டியபடிதான் தொடங்குகின்றன. ரைட்டர் பாவம்! வீடியோவை டிவிடிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது ஒரு வேலை. மெனு, அத்தியாயங்களோடு ஃபோல்டர் அமைப்பைக் கட்டுவது இன்னொன்று. டிஸ்க்கில் எழுதுவது கடைசி வேலை. முதல் இரண்டில் நடந்த தப்பு கூடக் கடைசியில்தான் கண்ணில் படும் என்பதால் பழி ரைட்டர் மேல் விழுகிறது.

கேள்வி: பென் டிரைவில் போடுவது போலவே எம்பி4 ஃபைலை டிவிடியில் இழுத்துப் போட்டு எழுதினேன். கம்ப்யூட்டரில் ஓடுகிறது. டிவியோடு இணைத்த பிளேயரில் போட்டால் டிஸ்க்கையே தெரியாதது போல நடந்துகொள்கிறது. டிஸ்க் கெட்டதா?

பதில்: டிஸ்க் நல்ல டிஸ்க்தான். நீங்கள் எழுதியது டேட்டா டிவிடி. பிளேயர் எதிர்பார்ப்பது வீடியோ டிவிடி.

டிஸ்க் உள்ளே போனதும் பிளேயர் முதலில் தேடுவது 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை. அதற்குள் மூன்று வகை ஃபைல்கள் இருக்கும். படமும் ஒலியும் விஓபி ஃபைல்களில். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. அதற்குமேல் என்றால் அடுத்த விஓபி தொடங்கிவிடும். எந்த அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்வது ஐஎஃப்ஓ. அது கெட்டுப்போனால் உதவ ஒரு நகல், பியூபி. படம் எம்பெக்-2 வடிவத்தில், பொதுவாக 720×576 அளவில் நொடிக்கு 25 ஃப்ரேமாகவோ, 720×480 அளவில் நொடிக்கு 29.97 ஃப்ரேமாகவோ இருக்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஃபோனும் கேமராவும் தரும் எம்பி4 இந்த வடிவத்துக்குப் பொருந்தாது. எம்பி4 ஓட்டத் தெரிந்த புதிய பிளேயர்கள் உண்டு. ஆனால் டிஸ்க்கை நான்கு பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதை நம்பக் கூடாது.

இன்னொரு பொறி: காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி காட்டும். ஒன்று 'யுஎஸ்பி டிரைவ் போல', மற்றது 'சிடி/டிவிடி பிளேயருக்கு'. இரண்டாவது பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். அதுவும் டேட்டா டிஸ்க்தான் எழுதும், வடிவத்தை மாற்றாது.

செய்ய வேண்டியது: டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் புதிய புராஜெக்ட் தொடங்கி, பால் அல்லது என்டிஎஸ்சி எதுவென்று தேர்ந்தெடுங்கள் (குடிக்கிற பால் அல்ல, மேலே சொன்ன 25 ஃப்ரேம் முறையின் பெயர்; 29.97 ஃப்ரேம் முறைதான் என்டிஎஸ்சி). வீடியோவை உள்ளே இழுத்துப் போடுங்கள். மெனு வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். கடைசியில் நேரே டிஸ்க்கில் எழுதச் சொல்லாமல், ஐஎஸ்ஓ இமேஜாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலில்) சேமியுங்கள். அந்த ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் திறந்து மெனு, அத்தியாயம், ஒலி எல்லாம் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் 'இமேஜை டிஸ்க்கில் எழுது' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'சரிபார்' என்ற கட்டத்தில் டிக் போட்டு எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் வீணாகும் டிஸ்க்குகள் குறையும். தப்பு இருந்தால் டிஸ்க்கைத் தொடும் முன்பே தெரிந்துவிடும் அல்லவா?

எழுதி முடித்த டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் இமேஜை இமேஜாக எழுதாமல், சாதா ஃபைலாக எழுதிவிட்டீர்கள். திரும்ப எழுத வேண்டியதுதான்.

கேள்வி: டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கிறது. 4.5 ஜிபி ஃபோல்டரை எழுதப் போனால் இடம் இல்லை என்கிறது. அடித்துப் பிடித்து மூன்று மணி நேர வீடியோவைத் திணித்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்னதான் கணக்கு?

பதில்: 4.7 ஜிபி என்பது ஆயிரத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு: 470 கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்கில் காட்டும். அந்தக் கணக்கில் அதே டிஸ்க் 4.38 ஜிபிதான். உங்கள் 4.5 ஜிபி விண்டோஸ் காட்டியது என்றால் அது நுழையாது.

மூன்று மணி நேரத்துக்கு வருவோம். ஃபைலின் அளவைத் தீர்மானிப்பது படத்தின் தெளிவோ அகல நீளமோ அல்ல, பிட்ரேட். அதாவது ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்பது. 470 கோடி பைட்டை 8 ஆல் பெருக்கினால் 37,600 மெகாபிட். மெனுவுக்கும் ஃபைல் அமைப்புக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 36,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நொடியால் வகுத்தால் 600. ஆகவே மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண்தான்: 600ஐ வீடியோவின் நிமிடங்களால் வகுத்தால், மொத்த பிட்ரேட் மெகாபிட்டில் கிடைக்கும்.

100 நிமிடம் என்றால் 6. 120 நிமிடம் என்றால் 5. உங்கள் 180 நிமிடத்துக்கு 3.3 மட்டுமே. இதில் ஒலிக்கு, ஏசி3 என்ற சுருக்கிய வடிவ ஸ்டீரியோவில் 0.2 போகும். ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக வைத்திருந்தால் 1.5 மெகாபிட் அதற்கே போய்விடும். மூன்று மணி நேர டிஸ்க்கில் அது பெரிய அநியாயம். முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

கையில் பிடித்து ஆடி ஆடி எடுத்த வீட்டு வீடியோவுக்கு 5க்குக் கீழே போனால் கட்டங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். ஸ்டாண்டில் வைத்து எடுத்த மேடைப் பேச்சு 3.5இல் கூடச் சமாளிக்கும். நிலையாக நிற்கும் பின்னணிக்குப் பிட் அதிகம் தேவைப்படாது. ஆட்டமும், ஓடும் தண்ணீரும், இருட்டில் எடுத்த புள்ளி புள்ளியான படமும்தான் பிட்டை விழுங்கும். குறைந்த பிட்ரேட்டில் இரண்டு சுற்று என்கோடிங்கை (வடிவ மாற்றத்தை) தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று அளந்துகொண்டு, இரண்டாவது சுற்றில் பங்கிட்டுக் கொடுக்கும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பரவாயில்லை.

எங்களைக் கேட்டால் மூன்று மணி நேரத்தை இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் உண்டு (அதற்கு 600க்குப் பதில் 1080 வைத்து வகுக்கலாம்). ஆனால் அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும். பழைய பிளேயர்கள் சில அங்கேயே தடுமாறி நின்றுவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு எல்லை உண்டு. வீடியோ 20 நிமிடம்தானே என்று 30 மெகாபிட் வைக்க முடியாது. டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பு 9.8, படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08. வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு 8ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ஃபோனில் எடுத்த வீடியோவை டிவிடி ஆக்கினால் முதல் நிமிடம் சரியாக இருக்கிறது. போகப் போக வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஏன்?

பதில்: ஃபோன்கள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 என்பது 24க்கு இறங்கும், பிறகு ஏறும். ஃபோனிலேயே பார்க்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒட்டியிருக்கும் நேரக்குறியைப் பார்த்து ஓட்டுவதால் தெரியாது. டிவிடி மென்பொருள் பல, 'எல்லாம் சம இடைவெளி' என்று எண்ணி அடுக்கிவிடும். ஒலி தன் வேகத்தில் ஓடும், படம் பின்னாலோ முன்னாலோ நகரும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃப்ரேம் வேகத்தை 30 என்று வைத்து, 'நிலையான வேகம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரத்தை ஆர்எஃப் (அந்த மென்பொருளின் தர அளவுகோல்) 16 அளவில் வையுங்கள். இது இடைக்கால ஃபைல்தான், பெரிதாக இருந்தால் இருக்கட்டும். இங்கே சுருக்கினால் டிவிடிக்கு மாற்றும்போது இன்னொரு முறை சுருங்கிப் படம் மங்கும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பிறகு இந்த ஃபைலை டிவிடி மென்பொருளுக்குக் கொடுங்கள்.

ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் நோய் வேறு. அதற்கு ஒலியை அத்தனை மில்லிநொடி முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். விலகல் மணிக்கு மூன்றரை நொடி என்ற கணக்கில் வளர்ந்தால், 29.97ஐயும் 30ஐயும் யாரோ ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி.

கேள்வி: எழுதிய எல்லா டிஸ்க்கும் கடைசி இருபது நிமிடத்தில் கட்டம் கட்டி நின்றுவிடுகிறது. எழுதும்போது எந்தப் பிழையும் வரவில்லை.

பதில்: டிவிடி உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. கடைசி இருபது நிமிடம் என்றால் டிஸ்க்கின் வெளி ஓரம். மட்டமான டிஸ்க்கில் சாயப் பூச்சு சீராக இல்லாத இடமும், தட்டு லேசாக வளைந்திருக்கும் இடமும் அதுதான். கையால் எடுக்கும்போது விரல் படுவதும் அங்கேதான். ரைட்டர் 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது, அந்த முழு வேகத்தை எட்டுவதும் வெளி ஓரத்தில்தான். எல்லாக் கஷ்டமும் ஒரே இடத்தில் கூடுகிறது.

16 மடங்கு டிஸ்க்கை 8 மடங்கில் எழுதிப் பாருங்கள். முழு டிஸ்க்குக்குச் சுமார் எட்டு நிமிடம் ஆகும். 'மெதுவாக எழுதினால் நல்லது' என்று கேள்விப்பட்டு 2 மடங்குக்கு இறங்க வேண்டாம். இன்றைய டிஸ்க்கின் சாயம் அதிக வேகத்துக்காகத் தயாரானது. மிக மெதுவாக எழுதினால் சிலவற்றில் பிழை கூடவே செய்யும். முடிந்தால் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி ஓரம் காலியாகவே இருக்கட்டும். காகித லேபிள் ஒட்டியிருக்கிறீர்களா? கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது தட்டு ஆடும். நாள்பட்டால் காகிதம் சுருங்கித் தட்டை வளைக்கும். அதை உரிக்கவும் முயலாதீர்கள். ஐஎஸ்ஓ கையில் இருந்தால் புதிதாக எழுதிவிடுங்கள்.

எல்லா டிஸ்க்கிலும் ஒரே காட்சியில் நிற்கிறது, அதுவும் நடுவில் என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அந்தக் காட்சியில் பிட்ரேட் எகிறியிருக்கும். உச்சத்தை 8க்குக் கட்டி மறுபடி என்கோடு செய்ய வேண்டும்.

கேள்வி: எழுதத் தொடங்கிய உடனே 'பவர் கேலிபரேஷன்' பிழை என்று நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் செருகும் மெல்லிய யுஎஸ்பி ரைட்டர்.

பதில்: எழுதும் முன் ரைட்டர், டிஸ்க்கின் உள் ஓரத்தில் அதற்கென்றே ஒதுக்கிய பகுதியில் லேசரின் பலத்தைச் சோதித்துப் பார்க்கும். எந்த அளவும் ஒத்துவராவிட்டால் இந்தப் பிழை. உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் மின்சாரம். எழுதும் நேரத்தில் இந்த ரைட்டர்கள் ஒரு யுஎஸ்பி துளை தரும் மின்னோட்டத்தைத் தாண்டிக் கேட்கும். பவர் அடாப்டர் இல்லாத ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். அப்புறம் வேறு தயாரிப்பு டிஸ்க் ஒன்று. அதிலும் வராவிட்டால் லென்ஸில் தூசி, அல்லது லேசர் கிழடு தட்டிவிட்டது. நன்றாகப் படிக்கும், எழுத மட்டும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ரைட்டர் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கும்.

கேள்வி: பழைய மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட்டிலிருந்து ஏற்றிய வீடியோ, டிவியில் யாராவது குறுக்கே நடந்தால் முன்னும் பின்னும் துடிக்கிறது. கம்ப்யூட்டரில் சீப்புப் பல் போலக் கோடுகள்.

பதில்: கம்ப்யூட்டரில் தெரியும் சீப்புப் பல் நோய் அல்ல. கேசட் கேமராக்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு முறை என்று பதிவு செய்கின்றன. இந்தப் பாதிக்கு ஃபீல்ட் என்று பெயர். அசையும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். மானிட்டர் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் பல் தெரிகிறது.

டிவியில் துடிப்பதுதான் நோய். எந்த ஃபீல்ட் முதலில் என்ற வரிசை தலைகீழாகிவிட்டது. 1, 2, 3, 4 என்று வர வேண்டிய அசைவு 2, 1, 4, 3 என்று வருகிறது. மனிதர் இரண்டடி முன்னால் வைத்து ஓரடி பின்னால் வாங்குகிறார். மினி டிவி கேசட் என்றால் கீழ் ஃபீல்ட் முதலில். ஏவிசிஹெச்டி என்ற ஹெச்டி முறையில் பதியும் கேமராவின் எம்டிஎஸ் ஃபைல் என்றால் மேல் ஃபீல்ட் முதலில். இரண்டு கேமரா காட்சிகளை ஒரே புராஜெக்டில் கலந்தால் இந்த வில்லங்கம் நிச்சயம். என்கோடரில் ஃபீல்ட் வரிசையை மாற்றி மறுபடி என்கோடு செய்யுங்கள். கேசட்டை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. யாராவது வேகமாகக் குறுக்கே போகும் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் போட்டு டிவியில் பார்த்த பிறகு முழு வீடியோவில் கை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 1080 கோடு உள்ள இப்படிப்பட்ட வீடியோவை, ஃபீல்ட்களைக் கணக்கில் எடுக்காமல் 576 ஆகச் சுருக்கிவிட்டால் இரண்டும் குழைந்துபோகும். பிறகு எந்த வரிசை மாற்றமும் காப்பாற்றாது. மூல ஃபைலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

கேள்வி: நான்கு விஹெச்எஸ் கேசட்டுகளை கேப்சர் செய்து (கம்ப்யூட்டரில் ஏற்றி) வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி தரம் போய்விடுமே?

பதில்: விஹெச்எஸ்ஸுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாதது. டிவிடி விதிகள் 352×576 அளவையும் (என்டிஎஸ்சியில் 352×480) ஏற்கின்றன. விஹெச்எஸ் நாடாவின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள்தான். அதை 720 புள்ளிகளில் பரப்புவது காலி இடத்துக்குப் பிட் செலவழிப்பது. அகலத்தை 352 ஆக்கினால் என்கோடருக்கு வேலை பாதி, 3 மெகாபிட்டிலேயே படம் திருப்தியாக இருக்கும். உயரத்தைக் குறைக்காதீர்கள், ஃபீல்ட்கள் போய்விடும். படத்தின் அடியில் கிழிந்தது போலத் தெரியும் பட்டை, விசிஆரில் நாடாவைப் படிக்கும் தலை மாறும்போது வருவது. பழைய டிவிகளில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது இப்போது வெளிச்சத்துக்கு வருகிறது. அடியிலுள்ள 8 முதல் 12 கோடுகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள். அந்த இரைச்சலுக்குச் செலவாகும் பிட்டும் மிச்சம்.

கேள்வி: முகமெல்லாம் அகலமாக, எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். போதாததற்கு ஓரத்தில் போட்ட தலைப்பு எழுத்தும் டிவியில் வெட்டுப்படுகிறது.

பதில்: 4:3 (பழைய டிவியின் அகல-உயர விகிதம்) படத்துக்கு 16:9 என்ற அகலத்திரைக் குறி விழுந்திருக்கிறது. டிவிடியில் இரண்டுக்கும் ஒரே 720×576 தான். எப்படி விரித்துக் காட்டுவது என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது. மென்பொருளில் குறியை மாற்றினால் உறவினர்கள் இளைத்துவிடுவார்கள். குறி சரியாக இருந்தும் குண்டாகத் தெரிந்தால் டிவி ரிமோட்டில் படவிரிவு அமைப்பைப் பாருங்கள். எழுத்தை நான்கு பக்கமும் பத்து சதவீதம் உள்ளே தள்ளி வையுங்கள். பல டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

கேள்வி: வேறு நாட்டிலுள்ள சொந்தக்காரர்களுக்கு டிஸ்க் அனுப்ப வேண்டும். ரீஜியன் கோட் (நாட்டுவாரியாகப் பூட்டும் குறி) தடுக்குமா?

பதில்: வீட்டில் எழுதும் டிஸ்க்கில் ரீஜியன் பூட்டு போட மாட்டோம், அது வணிகப் படங்களுக்கானது. தடுக்கக்கூடியது பால், என்டிஎஸ்சி வித்தியாசம். பால் நாட்டு பிளேயர்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சி டிஸ்க்கை ஓட்டிவிடும். என்டிஎஸ்சி நாட்டு பிளேயர்கள் பால் டிஸ்க்கை ஓட்டும் என்று சொல்ல முடியாது. ஃபோன் வீடியோ 30 ஃப்ரேம் என்றால் எல்லாருக்கும் என்டிஎஸ்சியாகவே எழுதிவிடலாம். 30ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃப்ரேம் போய், கேமரா திரும்பும் இடங்களில் வெட்டி வெட்டி ஓடும். 25 ஃப்ரேம் மூலத்துக்கு இதே சங்கடம் எதிர்த்திசையில் வரும். அப்போது என்டிஎஸ்சி நாட்டுக்குப் போகும் டிஸ்க்கை மட்டும் தனியாக மாற்றுங்கள். பழைய பிளேயருக்கு அனுப்புவதாக இருந்தால் டிவிடி-ஆர், அதாவது கழித்தல் குறி உள்ள டிஸ்க்தான் நம்பகமானது.

கேள்வி: ஐஎஸ்ஓவை பென் டிரைவில் காப்பி செய்தால், இடம் இருந்தும் 'ஃபைல் மிகப் பெரிது' என்கிறது.

பதில்: பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: நேரே சின்ன 8 செ.மீ. டிஸ்க்கில் பதியும் பழைய கேமரா ஒன்று இருந்தது. அதில் எடுத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் காலி என்று காட்டி, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. உள்ளே குழந்தையின் முதல் பிறந்தநாள் இருக்கிறது!

பதில்: 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு டிஸ்க்கை வெளியே எடுங்கள். பிறந்தநாள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். அந்த டிஸ்க் ஃபைனலைஸ் ஆகவில்லை, அவ்வளவுதான். கேமரா படத்தைப் பதிந்துகொண்டே போகும்; எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஃபைனலைஸ் செய்யும்போதுதான் எழுதி டிஸ்க்கை மூடும். அட்டவணை இல்லாததால் கம்ப்யூட்டருக்கு அது வெற்றுத் தட்டு.

கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் டிஸ்க்கை அதே கேமராவில் போட்டு, மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். பேட்டரியை நம்பாதீர்கள், அடாப்டரைச் செருகிக்கொள்ளுங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் கதை சிக்கலாகிவிடும். கேமராவை அசைக்கவும் வேண்டாம். கேமரா போய்விட்டதா? முதலில் அதே மாடல் ஒன்றை இரவல் வாங்கப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள், அட்டவணையை விட்டுவிட்டு டிஸ்க்கின் பரப்பையே தேடிப் பார்த்து, எம்பெக் காட்சிகளைத் தனித்தனி ஃபைலாக எடுத்துத் தரும். 8 செ.மீ. டிஸ்க்கை, தட்டில் சின்னப் பள்ளம் உள்ள ரைட்டரில் மட்டுமே வையுங்கள். வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும் வகை ரைட்டரில் போட்டால் திரும்பி வராமல் போகலாம்.

எடுத்த ஃபைல் விஆர்ஓ என்று முடிந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் எம்பெக்-2 தான். படத்தின் தரம் குறையாமல், மறுபடி என்கோடு செய்யாமலேயே டிவிடி மென்பொருளில் சேர்க்க முடியும்.